ஒரு ‘புட் ஆஃப்’, நான்கு அகராதிகள்

‘ஐ புட் ஆஃப் இட்.’ நான்கு சொல்லும் தெரிந்த சொல்தான். எழுத்துப்பிழை கிடையாது. ‘அதைத் தள்ளிப்போட்டேன்’ என்று சொல்ல வந்ததும் புரிகிறது. ஆனாலும் வாக்கியம் தவறு. ‘ஐ புட் இட் ஆஃப்’ என்றுதான் வரவேண்டும்.

ஃபிரேசல் வெர்ப் (வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது பொருளில் அல்ல, இந்த மாதிரி இடத்தில்தான். அகராதி வாங்கும்போதோ தளத்தைத் திறக்கும்போதோ நாம் பார்ப்பது பொருளை மட்டும். ‘புட் ஆஃப் என்றால் ஒத்திவை’ என்று படித்துவிட்டு மூடிவிடுகிறோம். ஒரு சரியான வாக்கியம் எழுதும் அளவுக்கு அந்தப் பக்கம் கைகொடுக்கிறதா என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி. எடுத்துக்கொண்டவை லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், காலின்ஸ் கோபில்ட். நான்குமே ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்பவர்களுக்கென்று தொகுக்கப்பட்டவை, நான்கையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சோதனைக்கு ஒரே சொல், ‘புட் ஆஃப்’.

அதற்கு முன் நம் ‘தள்ளிப்போடு’ என்ற சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம். தள்ளு ஒரு வினை, போடு ஒரு வினை. இரண்டும் சேர்ந்தபின் யாரும் எதையும் தள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை; நாள்தான் நகர்கிறது. ஃபிரேசல் வெர்ப் என்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். ‘தள்ளியே போடுகிறான்’, ‘தள்ளித் தள்ளிப் போடுகிறான்’ என்று நடுவில் ஓர் ஏகாரத்தையோ அடுக்கையோ நுழைக்கவும் நமக்குத் தெரியும். ஆனால் ‘தள்ளிக் கூட்டத்தைப் போட்டான்’ என்று யாரும் சொல்வதில்லை. செயப்படுபொருளுக்கு அந்த இடுக்கில் இடமில்லை. ஆங்கிலம் அந்த இடுக்கில்தான் கொண்டுபோய் வைக்கிறது: ‘ஷி புட் த மீட்டிங் ஆஃப்’. தமிழ்ப் பேச்சில் இதற்கு முன்மாதிரி இல்லாததால் இதைக் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும். ஆகவே அகராதி அதைக் கண்ணில் படும்படி காட்டுகிறதா என்பது முதல் சோதனை.

இதில் முன்னால் நிற்பது லாங்மன். அதன் முதல் பதிப்பு 1978இல் வந்தது. சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்று அப்போதே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதனால் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதி தேவைப்படாது. நமக்கு அதைவிட உதவுவது அந்தப் பக்கத்தில் வரும் சின்ன இருமுனை அம்புக்குறி. ‘புட் சம்திங் ↔ ஆஃப்’ என்று தலைப்பு இருக்கும். அம்புக்கு இரண்டு பக்கமும் இருப்பவை இடம் மாறிக்கொள்ளலாம் என்று பொருள். ‘புட் த மீட்டிங் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்பதும் சரி. அம்பு இல்லாவிட்டால் எழுதியிருக்கும் வரிசையைக் கலைக்கக் கூடாது. ‘லுக் ஆஃப்டர் சம்படி’ என்பதில் அம்பு கிடையாது, ஆகவே ‘லுக் த சைல்ட் ஆஃப்டர்’ என்று பிரிக்க முடியாது. இந்த ஒரு குறியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஃபிரேசல் வெர்ப்களைப் பிரிக்கலாமா கூடாதா என்று மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

ஆனால் அம்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. செயப்படுபொருள் இரண்டு பக்கமும் போகலாம் என்று அது சொல்கிறதே தவிர, இட், தெம், மீ, ஹிம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில் மட்டுமே வரும் என்பதைச் சொல்வதில்லை. அந்த விதி இலக்கணப் பகுதியில் இருக்கும். ‘புட் ஆஃப்’ தேடி வந்தவர் அங்கே போகமாட்டார். அம்பை நம்பி ‘புட் ஆஃப் இட்’ என்று எழுதிவிடுவார். இந்த மதிப்புரையின் முதல் வரியில் உள்ள பிழை அப்படிப் பிறப்பதுதான்.

ஏன் அப்படி ஒரு விதி என்று தெரிந்தால் மறக்காது. ஆங்கிலத்தில் அழுத்தம் வாக்கியத்தின் கடைசிப் பக்கம் விழ விரும்பும். ‘இட்’ என்பது ஏற்கெனவே பேசிய ஒன்றைச் சுட்டும் மெலிந்த சொல், அழுத்தம் தாங்காது. ‘ஆஃப்’ தாங்கும். ஆகவே மெலிந்ததை நடுவில் விழுங்கிவிட்டு ‘ஆஃப்’ கடைசியில் ஓங்கி ஒலிக்கிறது. செயப்படுபொருள் நீளமாக இருந்தால் கதை தலைகீழ். ‘ஷி புட் ஆஃப் த மீட்டிங் தட் வாஸ் ப்ளான்ட் ஃபார் மண்டே’ என்பதில் அந்த நீண்ட தொடரை நடுவில் திணித்தால் கடைசியில் வரும் ‘ஆஃப்’ எதனுடையது என்றே வாசிப்பவருக்கு மறந்துபோகும். ஒற்றைப் பெயர்ச்சொல் என்றால் உங்கள் விருப்பம், பிரதிப்பெயர் என்றால் நடுவில், நீளம் என்றால் கடைசியில். லாங்மன் தளத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் ஒலிக்கவிட்டுக் கேட்கலாம் என்பது இங்கே பெரிய உதவி. இரண்டு முறை கேட்டாலே ‘ஆஃப்’ மேல் விழும் அழுத்தம் காதில் தங்கிவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டு வேறு வழியில் போகிறது. இதன் மூலவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவருடைய அகராதி முதலில் 1942இல் டோக்கியோவில்தான் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் எடுத்துப் பதிப்பித்தது. ஒரு வினைக்குப் பின்னால் எந்த வடிவம் வரும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் இன்றுவரை அந்தப் பக்கங்களில் தெரிகிறது. ‘புட் ஆஃப்’ என்று தேடினால் ஆளைத் தனியே, பொருளைத் தனியே பிரித்து வைத்திருப்பார்கள்: ‘புட் சம்படி ஆஃப்’ ஒன்று, ‘புட் சம்திங் ஆஃப்’ ஒன்று.

சும்மா ஒரு பகுப்பு மாதிரித் தெரியும். தமிழ் வாசகருக்கு இதுதான் திறவுகோல். நடுவில் வருவது கூட்டம், பரீட்சை, பயணம் என்றால் ‘தள்ளிப்போடு’. நடுவில் ஆள் வந்தால் ‘தள்ளிப்போடு’ பொருந்தவே பொருந்தாது. ‘ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்’ என்றால் ‘இன்றைக்கு நாளைக்கு என்று என்னை இழுத்தடிக்கிறார்’. ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்றால் அந்த நாற்றம் எனக்கு அருவருப்பாகிவிட்டது, இருந்த ஆசையும் போய்விட்டது. ‘ஸ்டாப் ஸ்டேரிங், யு ஆர் புட்டிங் மீ ஆஃப்’ என்றால் ‘இப்படி உற்றுப் பார்க்காதே, கவனம் சிதறுகிறது’. கடைசிப் பொருள் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கு. ஒரே இரண்டு சொல்லுக்கு இழுத்தடி, வெறுப்பேற்று, கவனத்தைக் கலை என்று மூன்று தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது; எது என்று தீர்மானிப்பது சூழல். ‘ஒத்திவை’ என்ற ஒற்றைப் பொருளோடு நிறுத்திக்கொண்ட இருமொழி அகராதியை நம்பினால் ‘நாற்றம் என்னை ஒத்திவைத்தது’ என்றுதான் மொழிபெயர்ப்பு வரும். சிரிக்கிறோம், ஆனால் அவசரத்தில் செய்கிற மொழிபெயர்ப்புகளில் இந்த மாதிரி வருவது உண்டு.

ஆள் வரும் பொருளில் இன்னொரு பொறி. ‘புட் சம்படி ஆஃப் டூயிங் சம்திங்’ என்று மூன்றாவது ஒரு பகுதியும் ஒட்டிக்கொள்ளும். ‘த ஸ்டோரி புட் மீ ஆஃப் ஈட்டிங் அவுட்.’ அந்தக் கதையைக் கேட்டபின் வெளியில் சாப்பிடும் ஆசையே விட்டுப்போயிற்று என்று பொருள். மூன்றாவது பகுதி வந்துவிட்டால் ஆள் நடுவில்தான் இருக்க வேண்டும், பெயராக இருந்தாலும் சரி. ‘புட் ஆஃப் மை பிரதர் ஈட்டிங் அவுட்’ ஆகாது. ‘புட் மை பிரதர் ஆஃப் ஈட்டிங் அவுட்’ என்பதே சரி.

இந்த ‘டூயிங்’ விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அடுத்த பெரிய பிழை அங்கேதான். ‘ஐ புட் ஆஃப் டு கோ’ என்று எழுதுபவர்கள் ஏராளம். சரியானது ‘ஐ புட் ஆஃப் கோயிங்’. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ் நம்மைச் சரியான பக்கம்தான் தள்ளுகிறது, நாம்தான் கேட்பதில்லை. ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். அந்த ‘போவதை’ தான் ‘கோயிங்’. அதேபோல ‘புகைப்பதை விட்டான்’ என்றால் ‘கேவ் அப் ஸ்மோக்கிங்’, ‘வருவதைத் தவிர்த்தான்’ என்றால் ‘அவாய்டட் கமிங்’. மாறாக ‘வர மறுத்தான்’ என்றால் ‘ரெஃப்யூஸ்ட் டு கம்’, ‘வாங்கத் திட்டமிட்டான்’ என்றால் ‘ப்ளான்ட் டு பை’. ‘போக’ என்றாலே ‘டு கோ’ என்று பள்ளியில் போட்ட முடிச்சுதான் ‘புட் ஆஃப்’ பக்கத்திலும் வந்து சிக்குகிறது. எல்லா வினைக்கும் இந்தத் தமிழ்ப் பொருத்தம் செல்லாது, சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் வந்தால் பார்க்கத்தானே அகராதி. ஆனால் ‘புட் ஆஃப்’ அளவில் அப்படியே பொருந்துகிறது.

இந்த இடத்தைத் தெளிவாகக் காட்டுவதில் கோபில்ட்டுக்கு ஈடு இல்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் காலின்ஸ் பதிப்பகமும் சேர்ந்து, ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் திரட்டிய உண்மையான ஆங்கிலப் பயன்பாட்டை வைத்து உருவாக்கிய அகராதி அது. 1987இல் வந்தது. விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதுவது அவர்கள் செய்த புதுமை. ‘நீங்கள் ஒன்றை இப்படிச் செய்தால், அதன் பொருள் இது’ என்கிற தோரணையில் விளக்கம் ஓடும். ஆகவே விளக்கத்தைப் படிக்கும்போதே அந்தச் சொல் வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் விதமும் சேர்ந்தே மனத்தில் பதிகிறது. எடுத்துக்காட்டின் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு வாய்ப்பாடு இருக்கும்: வெர்ப், நவுன், பார்ட்டிகிள் என்றோ, வெர்ப், பார்ட்டிகிள், வெர்ப்-இங் என்றோ. பார்ட்டிகிள் என்பது ‘ஆஃப்’ போன்ற துணைச்சொல். முதலாவது ‘புட் த மீட்டிங் ஆஃப்’. இரண்டாவது ‘புட் ஆஃப் கோயிங்’. பலர் இந்த அடைப்பைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறார்கள். உண்மையில் அந்தப் பக்கத்திலேயே காசு பெறுவது அதுதான்.

குறை, பக்கத்தின் நெரிசல். காலின்ஸ் தளத்தில் ஒரு சொல்லைத் தேடினால் கோபில்ட் விளக்கம் மேலே வரும். அதற்குக் கீழே பிரித்தானிய ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று வேறு அகராதிகளின் விளக்கங்கள் அடுக்கடுக்காக வரும். அவை கற்பவர்களுக்காக எழுதியவை அல்ல, நடையே மாறிவிடும். இன்னும் கீழே இறங்கினால் செய்தித்தாள் முதலிய இடங்களிலிருந்து இயந்திரம் பொறுக்கிய வாக்கியங்கள். அவற்றில் நல்லதும் உண்டு, தலைகால் புரியாததும் உண்டு. பின்பற்றி எழுத அவற்றை எடுக்க வேண்டாம். கோபில்ட் என்று பெயர் போட்ட பகுதி முடிந்தவுடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

கேம்பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விளக்கம் சுருக்கம், கைபேசியில் படிக்கச் சுலபம். தலைப்பில் சம்படி, சம்திங் இரண்டையும் சுருக்கி எஸ்பி, எஸ்டிஎச் என்று முன்பு போடுவார்கள். பழைய பதிப்பில் முதல்முறை பார்ப்பவர் அது ஏதோ இலக்கணக் குறி என்று மிரண்டுபோகலாம். ஆள், பொருள், அவ்வளவுதான். அதே தளத்தில் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றும் இருக்கிறது, பொருளை உறுதிசெய்துகொள்ள உதவும். பொருள் ஓரளவு தெரியும், சட்டென்று சரிபார்க்க வேண்டும் என்றால் இது போதும். வாக்கியம் எழுத உட்கார்ந்தால் லாங்மனையோ கோபில்ட்டையோ திறந்துகொள்ளுங்கள். ஒரு சுவையான துணுக்கு: 1978 லாங்மனுக்கும் 1995இல் வந்த கேம்பிரிட்ஜின் முதல் கற்போர் அகராதிக்கும் பதிப்பாசிரியர் ஒரே ஆள், பால் ப்ராக்டர்.

நான்கிலும் போதாதது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுச் சொற்களோடு வரும் குழப்பத்தை எதுவும் அந்த இடத்திலேயே தீர்த்துவைப்பதில்லை. மழை வந்து ஆட்டம் ‘வாஸ் புட் ஆஃப்’ என்றால் இன்னொரு நாள் நடக்கும். ‘வாஸ் கால்ட் ஆஃப்’ என்றால் ரத்து, நடக்காது. இரண்டிலும் ‘ஆஃப்’ இருப்பதால் மாற்றி எழுதிவிடுகிறார்கள். டிக்கெட் கையில் வைத்திருப்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ‘போஸ்ட்போன்’ பொருளில் ‘புட் ஆஃப்’ போலத்தான், பின்னால் ‘-இங்’ எடுப்பதிலும் அப்படித்தான். ஆனால் அலுவலகக் கடிதத்துக்கு ‘போஸ்ட்போன்’ பொருத்தம். ‘புட் ஆஃப்’ பேச்சுக்கு நெருக்கமானது, பல இடங்களில் ‘மனசில்லாமல் கடத்துகிறார்’ என்ற வாடையும் வீசும். பல் டாக்டரிடம் போவதைப் பற்றிப் பேசும்போது ‘புட் ஆஃப்’ தான் உயிருள்ள சொல்.

விளக்கு விஷயமும் இதில் சேர்த்தி. ‘புட் ஆஃப் த லைட்’ என்று நாம் சகஜமாகச் சொல்கிறோம். ‘புட் ஆன் த லைட்’ பிரித்தானிய ஆங்கிலத்திலும் உண்டு என்பதால் அதன் எதிர்ப்பதம் ‘புட் ஆஃப்’ ஆகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. நம் பக்கத்து ஆங்கிலத்தில் இது புழங்குகிறது, யாருக்கும் புரியாமல் போவதில்லை. ஆனால் தேர்வுத்தாளிலும் வெளிநாட்டுக் கடிதத்திலும் ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. அங்கும் அதே இட விதிதான்: ‘டர்ன் இட் ஆஃப்’.

காலம் சொல்லும்போது வரும் சொல்லையும் எடுத்துக்காட்டுகளிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த நாள்வரை என்றால் ‘அன்டில்’ அல்லது ‘டில்’: ‘புட் இட் ஆஃப் டில் ஃப்ரைடே’. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’: ‘புட் இட் ஆஃப் ஃபார் எ வீக்’. இறந்தகாலத்தில் ‘புட்’ மாறாது, ‘புட்டட்’ என்று ஒன்று கிடையாது. செயப்பாட்டு வினையில் செயப்படுபொருள் முன்னால் போய்விடுவதால் பிரிக்க எதுவும் மிஞ்சாது: ‘த எக்ஸாம் ஹாஸ் பீன் புட் ஆஃப்’.

எழுதிய வாக்கியம் தேறுமா என்று பார்க்கச் சுலபமான ஒரு சோதனை இருக்கிறது. ‘வி புட் ஆஃப் த ட்ரிப்’ என்று எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘த ட்ரிப்’பை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘வி புட் ஆஃப் இட்’ என்று கை போனால் இட விதி இன்னும் பதியவில்லை. அடுத்து ‘த ட்ரிப்’ இருந்த இடத்தில் ஒரு வினையைப் போடுங்கள். ‘டு ட்ராவல்’ என்று வந்தால் கோபில்ட்டின் அடைப்பை இன்னொரு முறை பாருங்கள். ‘ட்ராவலிங்’ என்று வந்தால் சரி. மூன்றாவதாக ஓர் ஆளைப் போட்டு, வாக்கியத்தின் பொருள் எப்படித் திரும்புகிறது என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். இழுத்தடியா, வெறுப்பா, கவனச்சிதறலா? இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் திறந்திருக்கட்டும்.

தேடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளத்தில் ‘புட்’ என்று மட்டும் தட்டினால் முடிவில்லாத பக்கம் வரும். இரண்டு சொல்லையும் நடுவில் இடம்விட்டுத் தட்டினால் நேரே போய்ச் சேரலாம். அச்சுப் பதிப்பு என்றால் ‘புட்’ என்ற வினையின் பொருள்களெல்லாம் முடிந்தபின், கடைசியில் ஃபிரேசல் வெர்ப்கள் துணைச்சொல்லின் அகர வரிசையில் இருக்கும். ஆனால் ‘ஆஃப்-புட்டிங்’ என்ற பெயரடையை அங்கே தேடாதீர்கள். முகம் சுளிக்க வைக்கிற என்ற பொருளில் வரும் அந்தச் சொல் ‘புட் ஆஃப்’ குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் சொல் தலைகீழாகத் திரும்பிக்கொண்டதால் வீடு மாறிவிட்டது. ‘ஓ’ எழுத்து வரிசைக்குப் போனால்தான் கிடைக்கும்.